வைத்ததில் பாதி

ஆகஸ்ட் 5, திங்கள்

சூடு 37.6.

இதை மட்டும் தினமும் எழுதி வைத்தால் போதும் என்று பிராங்க்ளின் சொன்னான். வள்ளியூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். தெருக்கடைசி மரியபுஷ்பம் மதினிக்கு அண்ணன் மகன். மீன் வருகிற தெர்மோகோல் பெட்டியில் இரண்டு குண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன், சூடு காட்டுகிற சின்ன மிஷின் எல்லாம் மாட்டி, கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்கிற பெட்டி செய்து கொடுத்தவன் அவன்தான். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. சூடு மட்டும் எழுதிவிட்டு நிறுத்தத் தெரியவில்லை. பேச ஆரம்பித்தாலும் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அவர் நேற்றுத்தான் நாக்பூரிலிருந்து வந்தார். பெயர் வண்டிமலையான். அங்கே நம்ம பக்கத்துக்காரர் ஒருவரின் மிக்சர் கடையில் சரக்கு மாஸ்டர். எனக்குத் தாலி கட்டிய வருசம் போனவர். வருசத்துக்கு ஒரு தடவை ஊர்க்கொடைக்கு, சுடலை கோயில் திருவிழாவுக்கு, வருவார், பத்து நாள் இருப்பார், போய்விடுவார். அப்படியே இருபத்தேழு வருசம் ஓடிவிட்டது. எப்போதும் ஒரு தோள்பையோடு வருகிற மனுசன் இந்தத் தடவை அதோடு டிரங்குப்பெட்டி, தலையணை, துணி காயப்போடுகிற கொடிக்கயிறு உட்படக் கொண்டுவந்திருக்கிறார். சுவரை மட்டும் நாக்பூரிலேயே விட்டுட்டு வந்துட்டியளாக்கும் என்று கேட்டேன். சிரிக்கவில்லை. ரயில் அலுப்பு போல.

கோழி அடைகிற நேரம் பார்த்து முட்டைகளை வைத்தோம். என்னுடைய ஆறு பொட்டைக்கோழிகள் ஒரு வாரமாக இட்டவை, இருபத்தொன்று. அடை வைக்கிறது ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும், பெட்டிக்கும் அதே சட்டம்தான் என்று அவர் சொல்லிவிட்டார். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று நின்று முட்டி வீங்கிப் போனதால் தரையில் உட்கார முடியவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கினார். லட்டு அடுக்கிய கை. வரிசை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

37.5. தண்ணீர்த் தட்டு நிரப்பினேன்.

முட்டையை ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்ப வேண்டும். கோழி காலால் தள்ளித் தள்ளித் திருப்புமே, அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். அதை அவர் எடுத்துக்கொண்டார். முட்டைக்கு ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டிருக்கிறார். நான் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"வச்சதுல பாதிக்கு மேல பொரிச்சா நான் எதுக்கு நாக்பூர் போறேன்? இங்ஙனயே கெடந்து கோழி வளத்துக்கிட்டு இருந்திருவேன். பாதி இல்லன்னா வண்டி ஏற வேண்டியதுதான்."

நீங்க இருந்தா அரிசிதான் கூடப் பிடிக்கும், போறதுன்னா போங்க என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் இரண்டு இலை கோணலாக வெட்டியிருக்கிறது. கத்தரி மழுங்கிவிட்டது.

சாயங்காலம் அவரே ஒரு யோசனை சொன்னார். பெட்டி நல்லபடி பொரித்துக் கொடுத்தால் சுடலைக்குச் சேவல் கொடுக்கிறதாக நேர்ந்துகொள்வோம். பொரித்த பிறகு கொடுக்கலாமே என்றால், கொடை வருசத்துக்கு ஒரு தடவைதானே, அது முந்தி வருகிறது, சாமிக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அதுவும் வாங்கின முகத்துக்குச் செய்யத்தானே வேண்டும் என்கிறார். சாமியையே மடக்குகிற ஆள். என் செவலைச் சேவலை நேர்ந்துவிட்டோம். அது அப்போதும் கூரை மேல் நின்று கூவிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

37.1. பிறகு 36.8.

பணகுடிப் பக்கத்துக் காற்று இந்த வருசம் ஆளைத் தூக்குகிறது. மலையிலிருந்து இறங்கி நேராக என் வீட்டு ஜன்னலுக்குத்தான் வருகிறது. பெட்டியில் பிராங்க்ளின் நாலு பக்கமும் துளை போட்டிருக்கிறான். அதன் வழியாகக் காற்று உள்ளே போகிறது போல. சூடு நிற்க மாட்டேன் என்கிறது. என் பழைய சேலையைக் கிழித்துத் துளைகளில் திணித்தேன். பிள்ளை பெற்றவள் காதில் பஞ்சு வைத்த மாதிரி பார்க்க லட்சணமாக இருந்தது. அவரும் பார்த்துவிட்டு, பச்சை உடம்புக்குக் காத்து ஆகாது, நல்லா அடை என்றார்.

37.6. நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

செல்போன் லைட்டை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறது. ஒரு கருப்புப் புள்ளி துடிக்கிறது. பதினெட்டு முட்டையில் உயிர் இருக்கிறது. மூன்று கூமுட்டை. அவர் வெகுநேரம் ஒரே முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதென்ன சினிமாவா, வையுங்க, குளிர்ந்திரும் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

கொடை முடிந்தது. சேவலைக் கொடுத்தாயிற்று. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று. குழம்பு நன்றாக இருந்தது. கால் வலி. வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

37.6.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலையில் சேவல் சத்தமே இல்லை. தூரத்தில் ஏதோ ஒன்று மட்டும் ஒப்புக்குக் கூவுகிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் இப்படி விடிந்த பிறகும் தூங்கியது கிடையாது.

அவர் பத்து நாள் கணக்கு முடிந்துவிட்டது. டிக்கெட் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நேற்றே பொரித்திருக்க வேண்டும். ஒரே ஒரு குஞ்சு வெளியே வந்தது. இன்னொன்று ஓட்டைக் கொத்தி, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, அப்படியே நின்றுவிட்டது. மத்தியானம் வரை பார்த்துவிட்டு மீதியை உடைத்தோம். எல்லாம் முழுக்குஞ்சு. இறகு, நகம் எல்லாம் வந்திருக்கிறது. உயிர்தான் இல்லை. அவர் ஒவ்வொன்றாக உடைத்து வாழை மரத்து மூட்டில் புதைத்தார். நான் பீடிக்கடைக்குக் கட்டுக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இன்று கடை விடுமுறை என்பது நடந்து போன பிறகுதான் நினைவு வந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

வெளியே வந்த அந்த ஒரு குஞ்சும் காலையில் உயிரோடு இல்லை.

பிராங்க்ளினுக்குப் போன் போட்டேன். சூடு என்ன, தண்ணீர் வைத்தீர்களா, திருப்பினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் ஆமா. கடைசியில் துளையை எதுவும் மறைத்தீர்களா என்றான். சேலைத் துணி வைத்ததைச் சொன்னேன். உள்ளே இருக்கிற குஞ்சுகளும் மூச்சு விடும் அத்தை, கடைசி நாட்களில் அதுக்குத்தான் காற்று கூட வேண்டும் என்றான். திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நானும்தானே அடைக்கச் சொன்னேன் என்றார். பிறகு, முதலாளி போன் பண்ணினார், தீபாவளி வேலைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார், இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்றார். கட்டிக்கொடுத்துவிட்ட எங்கள் மகள் பிறந்தபோது நாலு நாள் கூட லீவு கொடுக்காத முதலாளி. வயசானதும் மனசு இளகிவிட்டது போல.

செப்டம்பர் 8, ஞாயிறு

37.5. துளைகள் திறந்தே இருக்கின்றன. பெட்டியைக் காற்றில்லாத உள்ரூமுக்கு மாற்றியாயிற்று. பினாயில் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, ஒரு நாள் வெறும் பெட்டியை ஓட்டிப் பார்த்து, சூடு நிற்கிறதா என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் முட்டை. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம், கழுவிய முட்டை வேண்டாம், கூர்முனை கீழே இருக்க வேண்டும். எல்லாம் பிராங்க்ளின் சொன்னபடி. சம்பந்தி வீட்டுக்குக் கூட நான் இவ்வளவு மரியாதை செய்ததில்லை. பத்தொன்பது முட்டை.

செப்டம்பர் 11, புதன்

37.6. பீடி சுற்றினால் வலது கட்டைவிரல் மடங்க மறுக்கிறது. அவர் விளக்கெண்ணெய் தடவிவிட்டார். நாக்பூரில் பழகியதோ என்னவோ, மாவு பிசைகிற மாதிரி பிசைகிறார். முறுக்கா பிழியப் போறிய என்றேன். அவர் இருந்தால் வேலை இரட்டிப்பாகிறது. வெந்நீர் போட வேண்டும், இரண்டு வேளை குழம்பு வைக்க வேண்டும், பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்ல வேண்டும். சாயங்காலமானால் முதுகு விட்டுப்போகிறது.

அப்படியும் நான் வாசல் கதவை முன்னே மாதிரி ஏழு மணிக்கே சாத்துவதில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

லைட் அடித்துப் பார்த்தோம். ஒன்றில் கூட நரம்பு இல்லை. பத்தொன்பதும் தெளிந்த தண்ணீர் மாதிரி வெளிச்சம் விடுகிறது. பத்தொன்பதும் கூமுட்டை.

அவர் பெட்டியைக் குறை சொன்னார். நான் முட்டை திருப்பியவரைக் குறை சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சுடலையைக் குறை சொன்னோம். நல்ல சேவலாக வாங்கித் தின்றுவிட்டு நமக்கு இப்படிச் செய்யலாமா என்று அவருக்கு ரொம்ப வருத்தம்.

பிறகு பிராங்க்ளினுக்குப் போன். எல்லாம் கேட்டுவிட்டு, "அத்த, சேவல் நல்லாருக்கா? வயசான சேவலா?" என்றான்.

அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி போனைக் கீழே வைத்துவிட்டேன். சேவலா? சேவலைச் சாப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது. எங்கள் சேவல் மட்டுமா, தெருவில் ஒரு வீட்டில் சேவல் இல்லை. எல்லாரும்தானே கொடுத்தார்கள். என் கோழிகள் கிழமை தவறாமல் முட்டை இட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. இடுவதற்குச் சேவல் வேண்டாம். குஞ்சு ஆவதற்கு வேண்டுமே. கோழியோடு கோழியாக முப்பது வருசமாக இருக்கிறேன், புத்தியில் படவில்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, குஞ்சுக்குத் தகப்பனைப் பிடித்து அறுத்திருக்கிறோம்.

அவரிடம் சொன்னேன். முக்காலியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சிரிக்க ஆரம்பித்தது நான்தான். நிறுத்த முடியாமல் இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அவர்தான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வந்ததிலிருந்து இன்றுதான்.

செப்டம்பர் 16, திங்கள்

இந்தத் தெருவில் உயிரோடு இருக்கிற ஒரே சேவல் மரியபுஷ்பம் மதினி வீட்டுச் சேவல். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், கொடைக்குக் கொடுக்கிற வழக்கமில்லை. போய்க் கேட்டேன். ஒங்க சாமி செஞ்ச வேலைக்கு எங்க வீட்டுச் சேவலா என்று மதினி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கொடுத்தது. குஞ்சு பொரித்தால் அதில் இரண்டு பொட்டைக்குஞ்சு தங்களுக்கு என்று பேசிக்கொண்டது.

கருப்பும் பொன்னும் கலந்த சேவல். வந்ததும் வராததுமாகத் தொழுவத்துச் சுவர் மேல் ஏறி நின்று ஊரைப் பார்த்து ஒரு கூவல். மாப்பிள்ளை வந்தாச்சு, ஆறு பொண்ணு, ஒரே முகூர்த்தம் என்று தெருவுக்கே சொன்னேன்.

செப்டம்பர் 19, வியாழன்

மாப்பிள்ளைச் சேவலுக்குக் கம்பும் கேழ்வரகும் போட்டோம். தின்றுவிட்டு வேப்பமர நிழலில் ஒரு குளியல் போட்டது, மண்ணில். நாங்கள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வீட்டோட மாப்பிள்ளைன்னா இப்படியில்லா இருக்கணும், வேலையும் இல்லை, வெட்டியும் இல்லை, மூணு வேளையும் சாப்பாடு என்றேன். சேவலைத்தான் சொன்னேன்.

அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். பசி இல்லை என்றார். வெயில் அதிகம்தான்.

செப்டம்பர் 30, திங்கள்

37.5. மூன்றாவது தடவை. சேவல் வந்த முதல் வாரத்து முட்டையை விட்டுவிட்டு, அடுத்த வாரத்து முட்டையாகப் பொறுக்கி எடுத்தோம். இருபத்தொன்று. பாதி என்றால் பத்தரை. அரைக்குஞ்சு என்று ஒன்று கிடையாது. பதினொன்று வந்தால் பாதிக்கு மேல்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கிறது. இதுதான் கடைசித் தடவை, இதிலும் பாதி இல்லையென்றால் பொரிக்கிற அன்றைக்கே கிளம்பிவிடுவேன், முதலாளி அதற்கு மேல் பொறுக்க மாட்டார் என்று சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 4, வெள்ளி

37.6.

அவர் குளித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பால்பாண்டி. நாக்பூர்க் கடையில் அவரோடு வேலை பார்க்கிறவன். அவர் என்று நினைத்து ஆரம்பித்துவிட்டான், நான்தான் என்று சொன்னதும் கொஞ்சம் தயங்கினான்.

"அக்கா, அண்ணாச்சிக்கு அங்ஙன ஏதும் வேல தெகஞ்சுதா? இங்ஙன மிஷினு வந்துட்டு. ஆடி பொறந்த அன்னைக்கே மொதலாளி கணக்க முடிச்சுட்டாவ. அதுக்குப் பொறவும் ரெண்டு நாளு அண்ணாச்சி வந்து சட்டி முன்னாடி உக்காந்திருந்தாவக்கா. யாரும் ஒண்ணுஞ் சொல்லல. அதான், எப்பிடி இருக்காவன்னு கேக்கலாம்னு."

நல்லா இருக்காவ, நானே சொல்லிக்கிடுதேன், நீ அவியகிட்டப் பேசும்போது இதைக் கேக்காத என்று சொல்லி வைத்தேன்.

துண்டோடு வந்து யார் என்று கேட்டார். ராங் நம்பர், இந்தியில பேசுதான் என்றேன். முட்டை திருப்பப் போய்விட்டார்.

மத்தியானம் நெத்திலிக் கருவாடு வறுத்தேன். அவருக்கு ஒரு பிடி கூட வைத்தேன். ஏது, இன்னைக்கு விசேஷம் என்றார். பூனைக்கு வைத்தது, மிஞ்சிப்போச்சு என்றேன்.

பாதி பொரிக்க வேண்டும் என்று இத்தனை நாளும் எனக்காகத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதி பொரிக்காவிட்டால் சொன்ன சொல்லுக்காக மனுசன் வண்டி ஏறிவிடுவார். அது எனக்குத் தெரியும். ஏறி எங்கே போய் இறங்குவார் என்பதுதான் தெரியவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

37.5. பதினேழு முட்டையில் நரம்பு. சேவல் இப்போதைக்கு உங்க வீட்டிலேயே இருக்கட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று மதினி சொல்லிவிட்டது. அவர் விசில் அடித்துக்கொண்டு தண்ணீர்த் தட்டைக் கழுவுகிறார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையில் எட்டு மணிக்கு இடி. கரண்ட் போய்விட்டது. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம், எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது.

சூடு 36. பிறகு 34. பிராங்க்ளினைக் கேட்டு, பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஆறினால் மாற்ற வேண்டும். நான் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. விறகு ஈரம், புகை, கண் எரிச்சல். அவர் பெட்டிமேல் கம்பளியைப் போர்த்தி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடி விழுந்தால் முட்டைக்கு ஆகாது என்று ஒரு இரும்புத் துண்டும் இரண்டு கரித்துண்டும் பெட்டிமேல் வைத்திருந்தார். அடையில் இருக்கிற கோழி கூட எழுந்து வந்து நாலு பொட்டுத் தின்றுவிட்டுப் போகும், நீங்க சாப்பிட வாங்க என்றேன். ஊட்டிவிடு என்றார். இந்த வயசில் இது ஒன்றுதான் குறைச்சல் என்று சொல்லிக்கொண்டே ஊட்டிவிட்டேன். கம்பளியை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது. அப்போது சூடு 31. லைட் அடித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இரண்டு பேருக்கும்தான்.

அக்டோபர் 18, வெள்ளி

இனிமேல் திருப்பக் கூடாது. தண்ணீர் கூட வைக்க வேண்டும், அப்போதுதான் ஓட்டுக்குள் இருக்கிற தோல் காயாமல் குஞ்சு கிழித்துக்கொண்டு வரும். மூடியைத் திறக்கவே கூடாது என்று பிராங்க்ளின் கண்டித்துச் சொல்லியிருக்கிறான். வேலை இல்லாமல் போனதால் அவருக்குக் கை ஓடவில்லை. என் பீடித்தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பீடி சுற்றிப் பார்த்தார். ஒன்று முறுக்கு மாதிரி வந்தது, இன்னொன்று சீடை மாதிரி வந்தது.

37.5.

அக்டோபர் 21, திங்கள்

காலையில் உள்ளே சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் மூன்று. பெட்டி மூடியில் பிராங்க்ளின் பதித்திருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஈரத்துணியைக் கசக்கிப் போட்ட மாதிரி கிடக்கின்றன. சாயங்காலம் ஏழு.

அவர் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கிறார். மூடியைத் திறந்து உதவி செய்யலாமா என்று நாலு தடவை கேட்டுவிட்டார். கூடாது என்று நானும் நாலு தடவை சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஒன்பது.

மத்தியானம் வரை பார்த்தோம். பத்தாவது வரவில்லை. மீதி முட்டைகளைக் காதில் வைத்துப் பார்த்தார். சத்தமில்லை. கரண்ட் போன அன்றைக்கே முடிந்திருக்கும் போல.

ஒன்பதும் நல்ல குஞ்சுகள். காய்ந்து பஞ்சாகிவிட்டன. முதல் தடவைக்கும் இதற்கும் பார்த்தால் ஒன்பது என்பது எவ்வளவு. அதைத்தான் சொன்னேன். பரவாயில்லை, நல்ல பெட்டிதான் என்று சொன்னார். சொல்லிவிட்டு, பரண் மேல் இருந்த தோள்பையை இறக்கினார். வள்ளியூருக்குச் சாயங்காலம் எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டார். இரண்டு சட்டையை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார். எனக்கு வாயில் ஒரு கேலிப் பேச்சு வரவில்லை. இப்படி எனக்கு நடந்ததே கிடையாது.

சீனி தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக மரியபுஷ்பம் மதினி வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு கோழி அடையிலிருந்து எழுந்து இரண்டு நாள் ஆகிறது. பன்னிரண்டு குஞ்சுகளோடு திரிகிறது. எதுக்கு என்று மதினி கேட்டது. பாதிக்கு ரெண்டு குறையுது மதினி என்றேன். இந்தப் பாதிக் கணக்கு தெரு முழுக்கத் தெரிந்ததுதான். தாய்க்கோழி கொத்தக் கொத்த மதினியே இரண்டைப் பிடித்து என் மடியில் போட்டது.

அவர் முகம் கழுவக் கொல்லைக்குப் போயிருந்த நேரம். மூடியைத் திறந்து இரண்டையும் உள்ளே விட்டு மூடினேன். அதன் பிறகு போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

"ஏங்க, இங்க வாங்க. இன்னும் ரெண்டு வந்திருக்கு. பதினொண்ணு."

வந்தார். கண்ணாடியில் பார்த்தார். மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் பல்பு கட்டிய அட்டைப்பெட்டிக்கு மாற்றினார். ஒரு கை நொய் அரிசி தூவினார். எங்கள் ஒன்பதும் நிற்கவே தள்ளாடிக்கொண்டு, அரிசி என்றால் என்னவென்று தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அந்த இரண்டும் தபதபவென்று ஓடிவந்து பொறுக்கித் தின்ன ஆரம்பித்தன. ஒன்று காலால் கிளறவும் செய்தது.

நான் கூரையைப் பார்த்தேன். அவர் அந்த இரண்டையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவிய ரெண்டு பேரும் முட்டைக்குள்ளயே எல்லாம் படிச்சுட்டு வந்திருக்காவ போல" என்றார்.

"நல்ல பெட்டின்னு நீங்கதான சொன்னிய" என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு எழுந்து போய்ப் பையிலிருந்த சட்டைகளை எடுத்துக் கொடியில் போட்டார். சீனி எங்கே என்று கேட்கவே இல்லை. சீனியில்லாத காப்பியைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

அக்டோபர் 23, புதன்

விடியும்போது அவரைக் காணவில்லை. தோள்பை பரணில் இருந்தது, அதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

டீக்கடைக்குப் போயிருக்கிறார். நாக்பூர் முதலாளிக்கு இனிமேல் வர முடியாது என்று சொல்லிவிட்டேன், பெட்டியில் பாதிக்கு மேல் பொரித்துவிட்டது, இனி இதுதான் தொழில் என்று அங்கே எல்லாரிடமும் சொன்னாராம். பால் வாங்கப் போனபோது நாலு பேர் என்னிடம் சொன்னார்கள். ஆமா, பெரிய முதலாளி என்று நானும் சொன்னேன்.

அப்படியே மரியபுஷ்பம் மதினி வீட்டு வாசலில் நின்று, அந்த இரண்டையும் இன்னும் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் தருகிறேன் என்றேன். மதினி துடைப்பத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"ஒன் வீட்டுக்காரர் விடியறதுக்குள்ள கொண்டாந்து தாய்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாரே. ராவெல்லாம் தாயத் தேடிக் கத்துச்சாம். வேற ஒண்ணுஞ் சொல்லல. நானும் கேக்கல."

வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியில் எண்ணினேன். ஒன்பது. எல்லாம் அரிசி கொத்தப் பழகியிருந்தன.

சூடு எழுத ஒன்றுமில்லை, பெட்டி காலி. அதைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு வந்தார் அவர். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குஞ்சாக விரலை நீட்டி எண்ணினார்.

"பதினொண்ணு" என்றார்.

ஆமா, பதினொண்ணு என்றேன்.